கதவுக்குக் கேட்ட மலர்வளையம்

பல ஊர் சுற்றி, கிடைத்த வேலையெல்லாம் பார்த்துவிட்டு, ஆவடியில் ஒரு பூக்கடையில் ஒதுங்கியிருந்த டிசம்பர் அது. போனில் ஒரு பெண் ரீத் வேண்டும் என்று விலாசம் கொடுத்தார். எனக்குத் தெரிந்து ரீத் என்றால் சாவுக்கு வைக்கிற மலர்வளையம். வெள்ளைச் சாமந்தியில் கட்டி, கறுப்பு ரிப்பன் சுற்றி எடுத்துப் போனேன்.

கதவைத் திறந்தது ஒரு வயதான அம்மா. "பாடி வந்துடிச்சாம்மா?" என்றேன், தணிந்த குரலில்.

அவர் வளையத்தைப் பார்த்தார். "ஐயோ, ஜோசப்பு!" என்று வாசலிலேயே சரிந்து உட்கார்ந்தார். ஜோசப் அவர் மகன், எல்லையில் ராணுவத்தில் இருப்பவர்.

உள்ளேயிருந்து ஓடிவந்த மருமகள்தான் போன் செய்தவர். "இன்னாண்ணா இது! கிறிஸ்மஸுக்குக் கதவுல மாட்டத்தானே கேட்டேன்? ரீத்துன்னா பழைய இங்கிலீஷ்ல முறுக்குனதுன்னு அர்த்தம், அவ்ளோதான். சாவுன்னு எவன் சொன்னான்?"

மாமியார் காதில் அது ஏறவில்லை. மருமகள் கணவருக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி மறுபடி போட்டார். அர்த்தம் தெரிந்தவரும் பயந்துவிட்டார். நான் வளையத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

ஒருவழியாகப் போன் அடித்தது. "குளிச்சிகினு இருந்தேன், இன்னா அவசரம்?" என்றது ஸ்பீக்கரில் குரல். அந்த அம்மா அழுதுகொண்டே, "சாப்ட்டியா நைனா?" என்றார்.

திரும்பும் வழியில் பூவையெல்லாம் பிரித்துப் போட்டேன். மிஞ்சியது பூவுக்கு அடியில் இருந்த முறுக்கிய வைக்கோல் வளையம்தான். அந்தப் பெண் சொன்ன அர்த்தம் சரி. ஆனாலும் அந்த வளையத்தை என் அறைக்குள் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை.