பெயரை மட்டும் வாங்கியவர்கள்

என் மனைவியின் குரலில் நான்கு நிமிடம்தான் மிச்சம் இருந்தது. அதுவும் ஸ்பூல் நாடாவில். எங்கள் தேயிலைத் தோட்டத்தை விட்டுப் போன மானேஜர் துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன பழைய ரெக்கார்டர் அது. இரண்டு பெரிய சக்கரங்கள் சுற்றும். முகப்பில் கம்பனியின் பெயர் வெள்ளி எழுத்தில் இருக்கும். வாங்கிய அன்று அதை நான் நோண்டிக்கொண்டிருக்க, அவள் பின்னால் நின்று திட்டியது அப்படியே பதிவாகிவிட்டது.

"ஏங்க, அதத் தொடாதீங்கன்னா கேக்க மாட்டீங்களா? கரண்டு அடிச்சா யாரு ஓடி வர்றது?"

அவள் இறந்த பிறகு ஞாயிறு மத்தியானங்களில் அந்தத் திட்டைக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவேன். பிள்ளைகள் இல்லை. நோர்வூட் பக்கத்துத் தோட்டத்தில் எனக்குக் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸில் வேறு சத்தம் என்றால் தகரத்தில் விழும் மழைதான்.

ஒரு ஞாயிறு சக்கரம் நின்றுவிட்டது. மெஷினை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் அட்டன் டவுனுக்குப் போனேன். ரேடியோ திருத்துகிறவர் திறந்து பார்த்தார். "உள்ள இருக்க ரப்பர் பெல்ட்டு உருகிப் பிசினாப் போச்சுங்க சார்." தையல் மெஷின் பெல்ட் வரை போட்டுப் பார்த்தார், வழுக்கியது. இந்த நாடா ஓடுகிற வேறு மெஷின் கொழும்பிலும் அகப்படவில்லை. "அந்தக் கம்பனியவே மூடிட்டாங்க. சும்மா அழகுக்கு வச்சிருங்க" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அழகுக்கு வைக்க அது என்ன பூச்சாடியா?

சில மாதம் கழித்து அவரே கூப்பிட்டு ஓர் ஆங்கிலச் சஞ்சிகையைக் காட்டினார். அந்தக் கம்பனியின் பெயரை யாரோ புதிதாக வாங்கி, மறுபடி பாட்டு செட்டுகள் செய்கிறார்களாம். அதே வெள்ளி எழுத்து. எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான் தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர். தொண்ணூறுகளில் தோட்டங்கள் அரசாங்கத்திடமிருந்து கம்பனிகளின் கைக்கு மாறியபோது, காலைப் பெரட்டில் பெயர் கொடுக்கக் கூடி நின்ற ஆட்களிடம் அப்போதிருந்த துரை சொன்னார்: "கம்பனி மாறினாலும் உங்க பழைய சர்வீசு அப்படியே வரும்." ஒவ்வொருவரின் சர்வீஸ் வருஷங்களையும் என் கையால்தான் புதுப் புத்தகத்தில் எழுதினேன். பெயரை வாங்குகிறவன் பழைய பொறுப்பையும் சேர்த்துத்தான் வாங்குவான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்தத் தைரியத்தில் புது முதலாளிக்குக் கடிதம் தட்டச்சு செய்தேன். ஆட்களின் செக்ரோல் பதிவு நம்பரை எழுதும் இடத்தில் மெஷின் நம்பர். அடுத்து அது எத்தனை வருஷம் உழைத்தது, இப்போது என்ன வியாதி என்பதெல்லாம். கெஞ்சவில்லை. தங்கள் பொறுப்பில் உள்ள மெஷினுக்கு ஒரு பெல்ட் அனுப்பவும் என்று முடித்தேன். அதற்குப் பிறகு ஆபீஸுக்குக் கடிதங்கள் வரும் தப்பால் பையைத் தினமும் நானே திறந்தேன்.

பதில் வந்தது. நல்ல மரியாதையான கடிதம். பெயரை மட்டும்தான் வாங்கினார்களாம். பழைய மெஷின்களுக்கு அவர்கள் பொறுப்பில்லை, பாகங்களும் கையில் இல்லை. கூடவே பளபளவென்று ஒரு கட்டலாக். புது மெஷினில் அந்தப் பெயர் இருந்தது, ஸ்பூல் மாட்ட இடம் இல்லை.

"பேர மட்டும் வாங்கினானாம். மனுசன் செய்யிற வேலையா இது?" என்று வெறும் வீட்டில் சத்தம் போட்டேன். அவள் இருந்திருந்தால், "அன்னைக்கே சொன்னேன், கேட்டீங்களா?" என்றிருப்பாள். அதைச் சொல்லக்கூட ஆள் இல்லாமல் போனது எனக்குத் தாங்கவில்லை.

பிறகு நாடாவை மாட்டி, சுவிட்சைப் போட்டு, சக்கரத்தை விரலால் சுற்றினேன். மெதுவாகச் சுற்றினால் மாடு உறுமியது. வேகமாகச் சுற்றினால் எலி கீச்சிட்டது. மத்தியானம் முழுக்கச் சுற்றி விரல் வீங்கிவிட்டது. ஒரே ஒரு தடவை வேகம் சரியாக அமைந்தது.

"ஏங்க."

அவளேதான். அவள் கூப்பிடுகிற அதே குரல்.

"என்ன புள்ள?" என்றேன். பதில் சொல்லப் போய் விரல் நின்றுவிட்டது.