ஆணி கிழித்த நான்காம் பாட்டு

அறுபதுகளின் நடுவில், ஒரு சித்திரை மாதம், ஒரே ஒரு பாட்டின் முடிவைக் கேட்க நெய்வேலிக்குப் போனேன். சிரிக்காதீர்கள். மெட்ராஸில் வாங்கிய சின்ன இசைத்தட்டு ஒன்று என்னிடம் இருந்தது. அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் ஒருவரின் ப்ளூஸ் என்னும் சோகப் பாட்டு. சுரங்கம் சரிந்துவிட்டது, உள்ளே போன தம்பியை அண்ணன் வாசலில் நின்று கூப்பிடுகிறான். அந்தத் தட்டில் மூன்று நிமிடத்துக்குத்தான் இடம். தம்பி வந்தானா என்று தெரிவதற்குள் பாட்டு தேய்ந்து மறைந்துவிடும். இரண்டு வருடம் அது என்னை அரித்தது.

அப்போதுதான் பக்கத்துக்கு ஐந்தாறு பாட்டுள்ள எல்.பி. தட்டுகள் வரத் தொடங்கின. அந்தப் பாட்டு முழு நீளத்தில் இருக்கும் எல்.பி.யை, ஊர் திரும்பிய ஜெர்மன் என்ஜினியர் ஒருவர் நெய்வேலி மைக் செட்காரரிடம் விற்றுவிட்டதாக நண்பன் சொன்னான். கேட்டதும் கிளம்பிவிட்டேன்.

கடலூரில் காலை ஏழு மணிக்குப் பஸ். குள்ளஞ்சாவடியில் டீக்கு நிற்கும், வடலூரில் மாற வேண்டும். ஒன்பதரைக்கு, நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பம். டிக்கெட் ஒன்றரை ரூபாய்க்குள் முடிந்தது.

மைக் செட் ரஹீம் பாய் அன்பான மனிதர். உறையிலிருந்து தட்டை உருவிக் கையில் கொடுத்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். நான்காம் பாட்டின் குறுக்கே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, ஆழமாக ஒரு கீறல்!

"யார் பாய் இப்படிச் செஞ்சது?" என்று கத்தியேவிட்டேன்.

"நான்தான் சார்," என்றார் சாதாரணமாக. "குவார்ட்டர்ஸ்ல ஒரு கல்யாணம். ஓடிக்கினு இருக்கட்டும்னு இதப் போட்டேன். நாலாவது பாட்டு வந்ததும் பொண்ணு வூட்டுக்காரங்க பந்தியிலேர்ந்து எழுந்து வந்துட்டாங்க. கல்யாண வூட்ல சாவுப் பாட்டான்னு ஒரே சண்டை. சின்னத் தட்டா இருந்தா எடுத்து ஓரமா வச்சிருப்பேன். இது மத்த பாட்டோட ஒட்டிக்கினு வருதே! ஆணியால ஒரு கோடு இழுத்துட்டேன். இப்ப ஊசி வழுக்கி அஞ்சாவதுக்குப் போயிடும்."

"அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"எங்க சார்! எல்லாம் மைன்ஸ்ல வேலை செய்யறவங்க."

போட்டுக் காட்டினார். கிட்டார் வந்தது, அண்ணன் ஒரு தடவை கூப்பிட்டான், 'டக்' என்றது. அடுத்த பாட்டு, குஷியான பாட்டு. என் முகத்தைப் பார்த்துப் பாய் பதறிப்போனார்.

"நீங்களாவது முழுசாக் கேட்டீங்களா?" என்று கேட்டேன்.

"சண்டை நடக்கச்சே முழுசும் ஓடிச்சு சார்."

"கடைசியில என்ன பாடினாரு?"

"வார்த்தையே இல்ல சார். இப்படித்தான்." உதட்டை மூடிக்கொண்டு முனகத் தொடங்கினார். அது நீண்டுகொண்டே போனது. எனக்குப் புரிந்துவிட்டது. தம்பி வரவில்லை.

பழைய தட்டு தேடிப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வாங்குமுன் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். திரும்பும்போது ஷிப்ட் விடும் நேரத்தைத் தவிருங்கள், பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இருக்காது.

வெகுகாலம் கழித்து, கீறலில்லாத அந்த எல்.பி. எனக்குக் கிடைத்தது. கடைசி நிமிடம் ரஹீம் பாய் முனகியது போலவேதான் இருந்தது. வீட்டில் நல்ல நாள் என்றால் மூன்றாம் பாட்டு முடிந்ததும் ஊசியை எடுத்துவிடுகிறேன்.