ஐஸ் கடைக்காரன் பட்ட பாடு

விக்கிற சரக்கு கண்ணு முன்னாலயே காணாமப் போற வியாபாரம் ஐஸ் வியாபாரம்தான். தாராவியில கடை வச்சிருக்கேன். பூவோ மீனோ விக்கிற மக்கா, என் வயித்தெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும்.

பாதிப் பாளம்

ஜூஸ் கடை அண்ணாச்சி ஒருத்தர் ஒரு ஐஸ் பாளம் வாங்கிக் கைவண்டியில ஏத்திட்டு, வழியில சாயா குடிச்சுக்கிட்டே ஊர்க்கதை பேச நின்னுட்டாரு. மே மாச வெயில். பாதிதான் கடை போய்ச் சேர்ந்துச்சு. நேரா எங்கிட்ட சண்டைக்கு வந்துட்டாரு. "உருகுன தண்ணி ரோட்டுலதான கிடக்கு, நானா எடுத்தேன்?"னு கேட்டேன். மனுசன் அசரல.

"தண்ணி எனக்குக் கொழாயிலயே வருதுல. ஐஸுக்குத்தான் துட்டு குடுத்தேன், ஐஸைக் குடு!"

கழுத்தில்லாத அன்னம்

மாட்டுங்காவுல ஒரு பாலக்காட்டுக் குடும்பத்து ரிசப்ஷன். ஐஸ்ல அன்னம் செதுக்கி மேடை ஓரமா வச்சேன். ஹால்ல ஏசி மக்கர். பொண்ணுக்கு மேக்கப் முடியல. "சீக்கிரம் வரச் சொல்லுங்க சார்"னு கெஞ்சினா, பொண்ணோட மாமா என்னை முறைக்கிறாரு. பொண்ணு வந்து நிக்கும்போது அன்னத்துக்குக் கழுத்தே இல்ல. மாமா அதைச் சுத்திச் சுத்திப் பார்த்துட்டு போட்டோகிராபரைக் கூப்பிட்டாரு.

"ஆமைன்னு சொல்லிண்டாப் போறது. நீ போட்டோவை எடு."

உப்பு போட்ட மவராசன்

எங்க தாராவியிலயே லேபர் கேம்ப்னு ஒரு பகுதி. அங்க சுடலைமுத்து அண்ணாச்சி காலையில தவறிட்டாரு. அலுமினியம் உருக்குற பட்டறையில வேலை பார்த்தவரு. ஒத்த மவன் துபாயில. அவன் வந்து வாய்க்கரிசி போட்டாத்தான் எடுக்கணும்னு அவரு பொஞ்சாதி இசக்கியம்மா அத்தை சொல்லிட்டாங்க. அந்தச் சந்துக்குள்ள ஃப்ரீசர் பெட்டி நுழையாது. "எம்மவன் மொகத்தைப் பாக்குற வரைக்கும் ஐஸ் தாங்கணும்யா"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

அவரைச் சுத்திப் பாளத்தை அடுக்கி, கோணி போட்டு மூடிட்டு வந்தேன். மத்தியானம் போன்: "வீடெல்லாம் தண்ணி!" ஓடிப்போய்ப் பார்த்தா, அத்தையோட தம்பி, கருவாட்டு வியாபாரி, "உப்பு போட்டா எதுவும் கெடாதுல்லா"ன்னு மூட்டையைப் பிரிச்சு ஐஸ் மேல கொட்டியிருக்காரு. அட கூறுகெட்ட மனுசா! உப்பு பட்டா ஐஸ் மடமடன்னு உருகும்யா. எனக்கு வந்த ஆத்திரத்துல அவரையும் பக்கத்துலயே படுக்க வச்சிருப்பேன். புதுப் பாளத்தை டெம்போவுல ஏத்தி, டிராபிக்ல வழி விடச் சொல்லி "ஹடோ, ஹடோ"ன்னு தொண்டை கிழியக் கத்தி, சந்துல தோள்லயே சுமந்துக்கிட்டுப் போய் அடுக்கினோம்.

மவன் வந்துட்டான். மொகத்துத் துணியை விலக்கினாங்க. தூங்குற மாதிரிதான் இருந்தாரு. எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு. அவன் அழுது முடிச்சு வாய்க்கரிசியும் போட்டான். தூக்குறதுக்கு ஆளுங்க குனிஞ்சப்ப அத்தை கையை நீட்டி மறிச்சாங்க.

"சித்த பொறுங்கய்யா. உலையடியிலயே வெந்த மனுசன், இன்னைக்குத்தான் குளுகுளுன்னு படுத்திருக்காரு."

ஐஸ் வியாபாரத்துல வாங்குறவன் கொதிப்பான், சரக்கு உருகும், சில நேரம் விக்கிறவனும் சேர்ந்து உருகிருவான், அவ்வளவுதான் மக்கா.