ரேணிகுண்டா ஸ்டேஷனுக்குத் தாயார் அனுப்பிய ஆள்

திருச்சானூர்க் கோயில் தாயாரின் பிள்ளைகளே, இதைச் சொல்ல நாக்கு கூசுகிறது. ஆனாலும் சொல்கிறேன். போன ஆடி மாதம் என் ஆறு வயது மகள் ஜுரம் முற்றி வலிப்பு வந்து துடித்தாள். பக்கத்திலேயே நான் குடித்துவிட்டுக் கிடந்தேன். நகரியில் பவர்லூம் ஓட்டுகிறவள் நான். என் தங்கைதான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பிழைத்து வந்தவளுக்குச் சோறு பிசைந்து நீட்டினேன். நகர்ந்து உட்கார்ந்தாள்.

“வேணாம்மா. நான் சித்திகிட்டயே துன்றேன்.”

எனக்குப் பன்னிரண்டு வயதில், நூல் குடோனில் ஒரு சொந்தக்காரர் என்னை உள்ளே வைத்துக் கதவைத் தாழிட்டார். அதை யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணமான பிறகும் தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் உடம்பு மரத்துவிடும். புருஷன் மீதி வைத்த பிராந்தியைக் குடித்த அன்று அந்தப் பயம் அடங்கியது. அப்படித்தான் ஆரம்பித்தது. எட்டு வருடம்.

திருப்பதிக்குப் பக்கத்தில், பெண்கள் தங்கிக் குடியை விடும் இல்லத்தில் தங்கை என்னைச் சேர்த்தாள். பத்து நாளில் கை நடுக்கம் நின்றது. குடி போனதும் பழைய பயம் முழுசாகத் திரும்பி வந்தது. ஒருநாள் காலை வார்டைக் கழுவ யாரோ கதவைத் தாழிட்டார்கள். அலறினேன். திறந்ததும் வெளியே ஓடினேன். ரேணிகுண்டா ஸ்டேஷன் வரை நடந்தேன். உயிரோடு திரும்பும் எண்ணம் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து, திருச்சானூர் இருக்கும் திசையைப் பார்த்துக் கதறினேன்.

“தாயே, என்னால ஆவல. யாரையாவது அனுப்பு.”

அரைமணி நேரம் இருக்கும். இல்லத்தில் கவுன்சலிங் கொடுக்கும் மேடம், புத்தூர்க்காரர், வழியெல்லாம் விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். திட்டவில்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

“நீ அலறனது தாழ்ப்பா சத்தத்துக்குத்தானே?”

இத்தனை வருடத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை.

“எங்க அம்மா, நைனாகிட்டகூட சொல்லல, மேடம்.”

“இப்பவும் சொல்ல வேணாம். நாம பேசற ரூம் கதவு தெறந்தே இருக்கும். எப்ப முடியுதோ அப்ப சொல்லு.”

திரும்பிப் போனேன். காலைத் தரையில் ஊன்றி மூச்சை மெல்ல விட முதலில் சொல்லிக்கொடுத்தார். நான் நடுங்கினால் பேச்சை நிறுத்திவிடுவார். நான்காவது வாரம் குடோனைப் பற்றிச் சொன்னேன். சொல்லி முடித்து வாந்தி எடுத்தேன்.

“அது உன் தப்பு இல்லம்மா,” என்றார். அன்று அழுததுபோல் நான் என்றும் அழுததில்லை.

ஐந்து மாதமாகக் குடிக்கவில்லை. பயம் முழுதும் போகவில்லை. சில நாள் தறியை நிறுத்திவிட்டு, மேடம் சொன்னபடி மூச்சை மெல்ல விட்டு நிற்கிறேன். வெள்ளிக்கிழமை தோறும் தாயாரைச் சேவித்துவிட்டு இல்லத்துக்குப் போய், புதிதாக வந்த பெண்களோடு உட்காருகிறேன்.

உங்களில் யாராவது ஒளித்துவைத்துக் குடிக்கிறீர்களா? தாயாரைக் கூப்பிடுங்கள். அவள் அனுப்பும் ஆளோடு போங்கள். சுத்தமான பிறகு கும்பிடலாம் என்று காத்திருக்காதீர்கள். குளிக்காத உடம்போடு, ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துதான் நான் கூப்பிட்டேன். அவள் கேட்டாள்.