கை நனைக்காத விருந்து

பெண் வீட்டில் சம்பந்தம் பேசி முடியும்வரை கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று பொருள். இந்தச் சங்கடம் வேண்டாமென்றுதான் என் மகன், இரு குடும்பமும் சந்திக்கப் புதுக்கோட்டையில் புதிதாக வந்திருந்த பார்பிக்யூ உணவகத்தைத் தேர்ந்தெடுத்தான்.

அவனும் அந்தப் பெண்ணும் சென்னையில் ஒரே அலுவலகம். இருவருக்கும் பிடித்துவிட்டது. என் சம்மதம் மட்டுமே பாக்கி. பெண்ணுக்குத் தாய் இல்லை. தகப்பனார் கீரமங்கலத்தில் பூ விவசாயம் செய்கிறார். கல்லூரி ஆசிரியனாக இருந்து ஓய்வுபெற்ற எனக்குப் படித்த சம்பந்தி வேண்டும் என்று ஆசை. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்ததால் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். வீட்டிலேயே இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

உள்ளே போனதும் பெண்ணின் தகப்பனார் ஓரமாக ஒதுங்கி வயிற்றில் இன்சுலின் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். நானும் போட்டுக்கொள்கிறவன். சீக்கிரம் சாப்பிட்டாக வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

மேசை நடுவில் இருந்த குழியில் கரி கனன்றது. அதன்மேல் கம்பியில் குத்திய கோழியும் இறாலும். மூலையில் ஒருவர் கிடார் வாசித்துப் பாடிக்கொண்டிருந்தார்.

"சாப்பிடுங்கய்யா" என்றார் பெண்ணின் தகப்பனார்.

"ஆகட்டும், நீங்க ஆரம்பிங்க."

"நீங்க தொடாம நான் எப்படிங்க?"

பெண் சிரித்தாள். "மாமா, இது எங்க வீடு இல்ல, ஓட்டலு. இங்க கை நனைச்சா செல்லாது."

"நல்லாக் கேளும்மா. நான் சொல்லி இவரு என்னைக்குக் கேட்டாரு?" என்றாள் என் மனைவி.

நானும் சிரித்தேன். கையை மடியிலேயே வைத்திருந்தேன். கோழி கருகத் தொடங்கியது. பாடகர் எங்கள் மேசைக்கு வந்து மைக்கிலேயே கேட்டார்: "என்ன விசேஷம் சார்? பர்த்டேயா, வெட்டிங் டேயா? அதுக்கேத்த மாதிரிப் பாடுறேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"விசேஷம் ஒண்ணுமில்ல. சும்மா சாப்பிட வந்தோம்" என்றேன்.

பெண்ணின் தகப்பனார் தண்ணீர் டம்ளரை எடுத்தார். கை நடுங்கி மேசையெல்லாம் சிந்தியது. நெற்றி வியர்த்திருந்தது. பெண் பதறி எழுந்து, சுட்ட அன்னாசித் துண்டை அவர் வாயில் திணித்தாள்.

"ஊசி போட்டுட்டா சும்மா ஒக்காந்திருக்கீங்க?"

"ஐயா இன்னும் சாப்பிடலையேம்மா."

அப்போதுதான் கம்பியிலிருந்து ஒரு துண்டை உருவி வாயில் போட்டேன். "இந்தா, சாப்பிட்டுட்டேன். நீங்களும் சாப்பிடுங்க சம்பந்தி."

"அவசரமில்லைங்க" என்றாள் பெண். சிரிப்பு போயிருந்தது. "நாங்க வீட்டுக்குப் போயி யோசிச்சுச் சொல்றோம்."

மாப்பிள்ளை வீட்டார் சொல்லும் வாக்கியம் அது. அவள் சொன்னது சரி. எல்லோர் முன்னிலும் சொல்லிவிட்டேன்: "அவர் ஊசி போட்டதை நான் பார்த்தேன். தெரிஞ்சேதான் சாப்பிடாம இருந்தேன்."

என் மகன் நாற்காலியை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய், அவர் அருகில் உட்கார்ந்து, கருகாத துண்டுகளாகப் பார்த்து அவர் தட்டில் வைக்க ஆரம்பித்தான்.

சில நாள் கழித்துச் சரி என்று பதில் வந்தது. அதை அவர்கள் என் மனைவியிடம்தான் சொன்னார்கள்.