மேல்முனை தெரியாத சேறு

கழுவுகிற வேலை எதிலும் அழுக்குப் போகும், பொருள் மிஞ்சும். என் வேலையில் மட்டும் அழுக்கைப் பத்திரப்படுத்திவிட்டுத் தண்ணீரை ஊற்ற வேண்டும். சுவிஸுக்கு வந்து துடைப்பம் பிடித்து விரல் வெடித்த உங்களில் பலருக்கு இந்தக் கஷ்டம் விளங்கும். விளங்காதவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

என்ன வேலை?

லோசானில் ஓர் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடம் தரை துடைத்தேன். முதுகு போனபிறகு ஓர் ஆய்வுகூடத்தில் சேர்ந்தேன். வங்கக் கடலுக்கு அடியில் குழாய் இறக்கி எடுத்த சேறு அங்கே வரும். பருவமழையில் இமயமலை சரிகிறது. அந்தக் கல்லும் மண்ணும் ஆறுகளில் அரைபட்டு, கழிமுகத்தில் பாதி படிந்து, மிச்சம் கடலுக்குப் போகிறது. அதை அரித்து, காயவைத்து, பொட்டலம் கட்டுவது நான். எந்தக் காலத்தில் மழை எப்படிப் பெய்தது என்று அதைப் பார்த்துச் சொல்வது படித்தவர்கள்.

பழைய சகபாடி சிவம் அண்ணையை மெற்றோவில் கண்டு இதையெல்லாம் விளக்கினேன். அவர் இன்னமும் ஆஸ்பத்திரியில்தான். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மலை கழுவி ஊத்தினதை நீ திருப்பிக் கழுவுறாய். அதுக்கும் இஞ்சை சம்பளம் குடுக்கினமோ?"

முணுமுணுப்பு

ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை பழக்கியவர் கிளோட். ஓய்வுக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிற மனிதர். ஒரு நவம்பர் மாதம், மூன்று கிழமையாக வெயிலையே காணவில்லை. இங்கேயும் மலை இருக்கிறது, மழையும் ஓயாமல் பெய்கிறது, பிறகு ஏன் அங்கே மட்டும் இவ்வளவு சேறு என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டேன்.

அவர் யன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "இங்கே மழை வருடம் முழுக்க முணுமுணுக்கும். அங்கே நாலு மாதம் கோபப்படும். முணுமுணுக்கிறவன் வீட்டை உடைப்பதில்லை."

கடைமடை

கவிதா நாகப்பட்டினத்துப் பெண். ஆய்வுப் படிப்புக்கு வந்தவள். அவளுடைய தமிழ் எனக்கும் என்னுடையது அவளுக்கும் வேடிக்கை. பல நூறு வருடங்களுக்கு முன்னர் ஒருகாலம் பருவமழை பொய்த்துப் போயிருந்ததாம். அது சட்டென்று பொய்த்ததா, மெல்ல மெல்லத் தேய்ந்ததா என்பதுதான் அவளுடைய கேள்வி. அந்தக் காலத்துச் சேறு ஒரேயொரு குழாயில் இருந்தது, ஒரு மீற்றர் நீளம். அதிலிருந்து விடை வந்தால் இன்னும் இரண்டு வருடம் வேலை, விசாவும் நீளும். வராவிட்டால் ஊர்.

சட்டென்று என்றால் என்ன, மெல்ல என்றால் என்ன, எப்படியும் மழை இல்லைத்தானே என்று ஒருநாள் கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "எங்க ஊரு கடைமடைண்ணா. தண்ணி வராதுன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, அந்த வருசம் எங்கப்பா விதைச்சிருக்கவே மாட்டாரு."

ஈரத்துணி

அந்தக் குழாய் கப்பலில் இருந்து வந்தபோது வெளிப்புறமெல்லாம் காய்ந்த சேறு. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். அழுக்கான சாமான் ஒன்றைக் குளிர் அறைக்குள் வைக்க என் கை விடவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டில் துடைக்கிறமாதிரி ஸ்பிரிட்டில் துணி நனைத்து முனைக்கு முனை துடைத்தேன். எந்தப் பக்கம் மேல் என்று காட்டப் பேனாவால் போட்டிருந்த அம்புக்குறியும் துணியோடு வந்துவிட்டது.

துணியில் கறுப்பைக் கண்டதும் குழாயைத் திருப்பித் திருப்பித் தேடினேன். மேசையில் பேனா இருந்தது. ஏதோ ஒரு முனையில் அம்பு போட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது. பேனா மூடியைக் கழற்றியும்விட்டேன், அதை உங்களிடம் ஒளிக்கவில்லை. அந்த நேரம் கிளோட் வந்தார். குழாயைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். "மூடிவிடு. அவளிடம் நீயே சொல்."

இரண்டு விடை

சொன்னேன். கவிதா ஏசவில்லை. "பயப்படாதீங்கண்ணா, வெள்ளம் சொல்லிடும்" என்றாள். வெள்ளத்தில் பருமணல் முதலில் இறங்கும், வண்டல் பிறகு மேலே படியும். அதை வைத்தே மேல் கீழ் பிடித்துவிடலாமாம். எனக்கு உயிர் வந்தது. குழாயை நீளவாக்கில் வெட்டித் திறந்தோம். ஒரே சாம்பல் நிறம். மழை பொய்த்த காலம் அல்லவா, மணல் கொண்டுவர வெள்ளம் எங்கே இருந்தது? வயது பார்க்க ஒரு சிப்பிகூட இல்லை. இதற்கு மேலும் கீழும் இருந்து எடுத்த குழாய்களோடு, எப்படித் திருப்பி வைத்தாலும் இரண்டு முனையும் ஒரேமாதிரிப் பொருந்தின.

கருவியில் வைத்து அளந்ததில் ஒரு முனைப்பக்கம் மழையின் மாற்றம் சட்டென்று இருந்தது, மறுமுனைப்பக்கம் மெல்ல மெல்ல. ஒன்று மழை போன விதம், மற்றது திரும்பி வந்த விதம். கீழே படிந்தது முந்தியது, மேலே படிந்தது பிந்தியது; எது எதுவென்று சொல்ல அந்த அம்பு ஒன்றுதான் இருந்தது. கவிதா அந்த அளவுகளைத் தாளில் கோடாக வரைந்து பார்த்தாள். பிறகு தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். "ரெண்டு பக்கமும் சரியாத்தாண்ணா இருக்கு."

ரயில்

வசந்தத்தில் அவளுடைய ஒப்பந்தம் முடிந்தது, நீட்டவில்லை. பெட்டி தூக்கிக்கொண்டு ரயில் நிலையம் வரை போனேன். மன்னிப்புக் கேட்க மூன்று மாதமாகச் சொல் தேடி, கடைசியில் மேடையில் நின்று, "பிள்ளை, என்னாலைதான்" என்று மட்டும் சொன்னேன். இல்லை என்று அவள் சொல்லவில்லை. அதற்காக அவளை நான் இன்றைக்கும் மதிக்கிறேன்.

ரயில் வந்ததும் பெட்டியை என் கையிலிருந்து வாங்கினாள். "ஊர்ல இந்த வருசமும் மழை இல்லையாம்ணா. அது எப்படி நின்னுச்சுன்னு நேர்லயே பார்த்துக்கிறேன்."

மலையை இடித்துக் கடலில் கொட்ட மழைக்கு வருடத்தில் நாலு மாதம் வேண்டும். அந்த மழையின் கதையை அழிக்க எனக்கு ஓர் ஈரத்துணியும் ஐந்து நிமிடமும் போதுமாக இருந்தது.