பஷீர் எடுத்த போட்டோ

எல்லையில் சண்டை மூண்ட வாரம். அடையாறில் நான் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருக்கும் அபார்ட்மென்ட் கேட்டுக்கு வெளியே காலையிலேயே ஒரு கும்பல். உளவாளியை வெளியே அனுப்பு என்று நின்றார்கள். அவர்கள் சொன்ன உளவாளி, எங்கள் ஏசி மெக்கானிக் பஷீர். ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில் இருந்துவிட்டு வந்தவன் நான். இப்படியொரு தாக்குதலை அங்கே பார்த்ததில்லை.

நடந்தது இவ்வளவுதான். உளவாளிகள் கட்டடங்களைப் படம் எடுக்கிறார்கள் என்று ஒரு ஆடியோ ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. பேசியது யார் என்று இன்றுவரை தெரியாது. அந்த நேரம் பார்த்து பஷீர் மொட்டைமாடியில் ஏசி அவுட்டோர் யூனிட்டின் மாடல் நம்பரைப் போனில் படம் எடுத்தார். ஸ்பேர் வாங்க எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான். மூன்றாம் மாடி ரேவதி மேடம் ஆள் அடையாளம் தெரியாமல் அவரைப் படம்பிடித்து, மாடியில் யாரோ போட்டோ எடுக்கிறார், கவனம் என்று குடியிருப்போர் குரூப்பில் போட்டுவிட்டார். அந்தப் படம் கைமாறி மேற்கு மாம்பலம் போய்ச் சேர்வதற்குள் அந்த 'யாரோ' உளவாளியாகிவிட்டார்.

பஷீரை பம்ப் ரூமில் உட்காரவைத்தேன்.

"இன்னா சார் பண்ணேன் நானு? இத்தினி வருசமா இங்கதான் வேலை செஞ்சினு கீறேன். என் மூஞ்சி தெரியாதா இவங்களுக்கு?"

ரேவதி மேடத்தைக் கீழே அழைத்தேன். கெட்டவர் இல்லை, வாட்ச்மேன்களுக்குத் தினமும் காபி கொடுத்தனுப்புகிறவர். ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்றுதான் போட்டேன் என்று சொல்லி, என் எதிரிலேயே டெலீட் செய்தார். உடனே அதே படம் பெருங்குடியில் இருக்கும் அவர் அக்காவிடமிருந்து அவருக்கே வந்தது, உங்க ஏரியாவாமே, பத்திரம் என்ற வரியோடு. மேடம் நேரே கேட்டுக்குப் போனார்.

"அவர் எங்க பில்டிங் ஏசி பாக்கத்தான் வந்தார். தப்பாப் போட்டது நான்தான்."

கும்பல் கலைந்தது. ஆனால் அவர் சொன்ன இதை யாரும் ஃபார்வர்டு செய்யவில்லை.

போர்முனையில் குண்டு வரும் திசை தெரியும், சுடுகிறவன் எதிரி. இங்கே சுட்டவர்கள் அத்தனை பேரும் நம்மவர்கள், நல்லது செய்வதாக நினைத்துச் சுட்டவர்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: கேட்டில் ஆளை நிறுத்தி விசாரிக்கிற மாதிரி, போனில் வருவதையும் நிறுத்தி விசாரியுங்கள்.

எல்லையில் சண்டை நிறுத்தம் அறிவித்ததும் பீரங்கிகள் ஓய்ந்துவிட்டன. போன வாரம் பஷீர் வேலைக்கு வந்தார். மாடி ஏறுமுன் தன் போனை என் மேசைமேல் வைத்தார்.

"மாடல் நம்பரை நீங்களே வந்து போட்டோ எடுத்துக் குடுங்க சார். போனோட நான் மேல போமாட்டேன்."